முழங்கைக் காவல்

...ஏதாவது ஆகியிருந்தால் போன் வந்திருக்கும், போன் வரவில்லை, ஆகவே ஒன்றும் ஆகவில்லை, ஆனால் போனில் சார்ஜ் இருந்ததா, இருந்தது, சத்தம் வைத்திருந்தாளா, வைத்திருந்தாள், அப்படியும் இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள், விடியட்டும், அந்தம்மா நேரில் வரட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தால்? அந்தக் கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை? கதவுக்கு அந்தப் பக்கம் இவள் வீட்டுக்காரர், பஸ் டிரைவர், தலை முழுக்க வயர் ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுவதும் தூங்கிக் காட்டியிருக்கிறார், தூங்கிக் காட்டுவதற்கு ஒரு பரிசோதனை, அதற்கென்று ஓர் அறை, ஒரு கட்டில், கூரையில் ஒரு கேமரா... "தூங்குறதுக்கு எனக்குப் பரீட்சையா, கண்ண மூடிக்கிட்டே பாஸ் பண்ணிடுவேன் பாரு" என்று நேற்று சாயங்காலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி உள்ளே போனார். சிரிப்பு அவருக்கு, கவலை இவளுக்கு, கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பாகப்பிரிவினை அப்படித்தான். போன மாதம் சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை, பின்னால் ஹாரன் மேல் ஹாரன், பயணிகள் முதலில் சிரித்தார்களாம், அப்புறம் ஒருத்தர் எழுந்து போய்ப் பார்த்தால் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு டிரைவர் தூங்கிக்கொண்டிருக்கிறார், நின்ற பஸ், அதனால் பிழைத்தது, ஓடுகிற பஸ்ஸாக இருந்திருந்தால்... வேண்டாம், அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம். பரிசோதனை செய்து சீட்டு வாங்கி வந்தால்தான் இனி ஸ்டியரிங்கைத் தொடலாம் என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக இந்த ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை முறுக்கிக்கொண்டு இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

குறட்டை என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாத்தனார் சிரிப்பாள், "எங்கண்ணன் தூங்குனா ஊர்ல திருடன் வரமாட்டான் அண்ணி" என்பாள், கீழ்வீட்டுக்காரர் படியில் பார்த்தால், என்ன சார் நேத்து வண்டி மேட்டுல ஏறுச்சு போல என்பார், வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார், சிரிக்கட்டும். சத்தத்துக்கு யார் பயந்தார்கள்? சத்தம் இருக்கிற வரைக்கும் ஆள் இருக்கிறார். பயம் சத்தத்துக்கு நடுவில் வருகிற அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு. அது யாருக்குத் தெரியும், அடுத்த தலையணையில் படுத்திருக்கிறவளுக்குத் தெரியும். சின்ன மகள் பிறந்த பிறகு, அவருக்குக் கழுத்தில் சதை போட ஆரம்பித்த காலத்தில், ஒருநாள் குறட்டை பாதியில் நின்றது, அப்பாடா என்று புரண்டு படுத்தாள், பிறகு அந்த அப்பாடா தொண்டையிலேயே நின்றுவிட்டது, மூச்சே வரவில்லை, நெஞ்சு மேலே எழும்புகிறது ஆனால் காற்று போகவில்லை, இவள் காத்திருந்தாள், இன்னும் காத்திருந்தாள், இடது முழங்கையால் அவர் வலது விலாவில் ஓங்கி ஓர் இடி இடித்தாள், ஹக் என்று ஒரு சத்தம், இழுத்துக்கொண்டு மூச்சு வந்தது, மனிதர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. செத்துப் பிழைத்தது அவரா, இவளா? அன்றைக்குப் பிடித்த வேலை இது. அந்த முழங்கைக்கு அன்றிலிருந்து லீவு கிடையாது. காதில் பாதி எப்போதும் விழித்திருக்கும், சத்தம் நின்றதும் முழங்கை தானாகப் போகும், ஒரு ராத்திரியில் எத்தனை தடவை என்று யார் கணக்கு வைத்தது. காலையில் அவர் சோம்பல் முறித்துக்கொண்டே, "உனக்கென்னம்மா, படுத்ததும் தூங்கிடுற, குடுத்து வச்சவ" என்பார். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பயந்திருப்பார், பயந்தவர் கையில் ஒரு பஸ் ஜனங்கள்... அதனால் சொல்லவில்லை. அதனால்தானா? அவரைத் தூக்கி நிறுத்துவது தன் முழங்கைதான் என்பதில் கொஞ்சம் கர்வமும் இருந்ததோ என்னவோ.

எதிர்ச்சுவரில் ஒரு படம். கட்டிலில் ஓர் ஆள் படுத்திருக்கிறார், அவர் உடம்பிலிருந்து அம்புக்குறிகள் கிளம்பி மூளைக்கு, இதயத்துக்கு, சிறுநீரகத்துக்குப் போகின்றன, தூக்கம் வருடக்கணக்கில் கெட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம், சர்க்கரை வரலாம், மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து கூடும் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. வந்ததிலிருந்து அதைத்தான் படிக்கிறாள், படித்து முடித்ததும் மறுபடி மேலேயிருந்து. அவருக்குத்தான் சொல்கிறது, அவருக்கு இதயம், அவருக்கு மூளை, அம்பு ஒவ்வொன்றும் அவர் மேல்தான் போய்த் தைக்கிறது. படத்தில் கட்டில் என்னவோ இரண்டு பேர் படுக்கிற கட்டில்தான், தலையணைகூட இரண்டு போட்டிருக்கிறார்கள், ஆனால் ஆள் ஒருவர்தான், பக்கத்தில் யாரையும் வரையவில்லை. வரைகிறவருக்கு மறந்துவிட்டது போல.

நடையின் கோடியில் மேஜை போட்டு ஒரு சிஸ்டர், கண்ணாடி மூக்கு நுனியில், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கையில் பட்டை சுற்றி பிரஷர் பார்க்கிறார், கறிகாய்க் கடைக்காரி மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார். "அந்த நீலப் புடவை அம்மா, சும்மாதான உக்காந்திருக்கீங்க, வாங்க ஒரு தடவ பாத்துக்கலாம்." இவள் மடியிலிருந்து கைப்பை நழுவியது. "நான் பேஷண்ட் இல்ல சிஸ்டர், கூட வந்தவ." "கூட வந்தவங்களுக்கு ரத்தம் ஓடாதா?" என்றார் சிஸ்டர், பக்கத்திலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், இவளும் பல்லைக் காட்டினாள், "டாக்டர் கூப்பிட்டுருவாரு, அப்புறம் வரேன்" என்றாள். அப்புறம்... அப்புறம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் வாழ்க. வீட்டில் இப்போதெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள், வெயில் காலம் என்று சொல்லிக்கொண்டாள், வெயில் போய் மழையும் வந்து போயிற்று, தாகம் போகவில்லை. பிடரியில் காலையில் ஒரு கனம், யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி. அம்மாவும் பிடரியைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி வேலைக்காரி, பகலில் ஜன்னலுக்குத் துணி கட்டித் தூங்கப் பார்ப்பாள், குழந்தைகள் தூங்க விட்டால்தானே, இவள்தான் கதவைத் தட்டித் தட்டி அம்மா பசிக்குது என்பாள். சர்க்கரை வந்தது, பிரஷர் வந்தது, கண் போயிற்று, கடைசியில் இவள் முகத்தைத் தடவிப் பார்த்துத்தான், மூத்தவளா, சின்னவளா என்று கேட்பாள். டாக்டர்கள் வம்சம் என்றார்கள், சாப்பாடு என்றார்கள், தூக்கத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. வம்சம் என்றால் இவளும் வம்சம்தானே? தெரியாமல் இருக்கிற வரைக்கும் இல்லை என்றுதான் அர்த்தம், நம்பர் என்று ஒன்று வாயில் வந்துவிட்டால் அப்புறம் அதைத் திருப்பி உள்ளே போட முடியாது.

விரல்... விரலைப் பற்றி யோசிக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததும் விரல் நுனி மரத்தது. விரல்தான் சோறு போடுகிறது. பல் கட்டுகிற கூடத்தில் வேலை, டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், அந்த மாவு அச்சின் மேல் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நட்டு முழு செட்டாக ஆக்குவது இவள் கை, தெருவில் குழந்தைகளுக்கு இவள் பல்லக்கா. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் போதும், இது மேல்தாடை, இது இடது, இது கடைவாய் என்று விரல் சொல்லும். அந்த விரல்தான் போன வாரம் துரோகம் செய்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவருக்கு மேல்செட்டு, இடது கோரைப்பல்லை வலப்பக்கம் நட்டு, வலதை இடப்பக்கம் நட்டு, மெழுகை வழித்து, மினுக்கி, அழகாகப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள்கூட முதல் மாதத்துக்கு மேல் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். மெழுகு நிலையிலேயே வாயில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது, திரும்பி வந்தது. முதலாளி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "என்ன பல்லக்கா, வாத்தியாரக் கண்ணாடில பாத்துக்கிட்டே கட்டுனீங்களா?" என்று சிரித்தார், சிரித்துவிட்டு இவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், "ராத்திரி தூங்குறீங்களா இல்லையா?" என்று கேட்டார். தூங்குறேன் சார் என்றாள். அந்த செட்டை நடும்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் என்று எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை, ஒன்றுமே இல்லை, சிக்னலில் பச்சை விழுந்தபோது அவருக்கு இருந்த மாதிரி ஒரு வெற்றிடம். இவளும் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். பஸ்ஸில் தூங்கினால் ஊர் சிரிக்கிறது, பல்லில் தூங்கினால் ஒரு வாத்தியார் வாய் கோணுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அப்போது தேற்றிக்கொண்டாள்.

நேற்று ஒரு ராத்திரியாவது ஒழுங்காகத் தூங்கியிருக்கலாமே. அவரை இங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் அதுதான் எண்ணம், வெட்கமாகக்கூட இருந்தது, புருஷனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு எவளாவது தூக்கத்துக்கு நாக்கைத் தொங்கப் போடுவாளா, ஆனால் முழுக் கட்டில், சத்தமில்லாத வீடு, பிள்ளைகளும் அவரவர் ஊரில், அடித்துப் போட்ட மாதிரி தூங்கப்போகிறோம் என்று நினைத்தாள். படுத்தாள். சத்தம் இல்லை. சத்தம் இல்லை என்பதுதானே இத்தனை வருடமாக இவளுக்கு அபாய மணி, எப்படித் தூக்கம் வரும்? கண் சொருகும், காது, ஐயோ நின்றுவிட்டது என்று உலுக்கும், முழங்கை போய் வெறும் மெத்தையில் இடிக்கும். அவர் தலையணையை எடுத்து அந்தப் பக்கம் நீளவாட்டில் வைத்துப் பார்த்தாள், அதையும் இடித்தாள், தலையணை மூச்சு விடவில்லை. இதை யாரிடமாவது சொன்னால் சிரிக்க மாட்டார்களா? பிறகு வேறொரு பயம் வந்தது, இங்கே நான் மெத்தையை இடித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே அவரை யார் இடிக்கிறார்கள்? கேமரா இடிக்குமா? எழுந்து உட்கார்ந்தவள் அப்புறம் படுக்கவேயில்லை.

கதவு திறந்தது. அவர் இல்லை, வயர் ஒட்டுகிற மனிதர், வழுக்கை விழ ஆரம்பித்தவர், கையில் காபி, கண் சிவந்திருக்கிறது, ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். இவள் எழுந்த வேகத்தில் கைப்பை தரையில் விழுந்தது. "உயிரோட..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "நல்லா இருக்காருக்கா, பயப்படாதீங்க, தலையில ஒட்டுன பசையக் கழுவிக்கிட்டு இருக்காரு, வந்துருவாரு." மூச்சு நின்றதா என்று கேட்டாள். நின்றது என்றார். "ராத்திரி பூரா நின்னு நின்னுதான் வந்துச்சு. டாக்டர்தான் முறையாச் சொல்லணும், ஆனா மூக்குல மாட்டுற மெஷின் குடுப்பாங்க, அத மாட்டிக்கிட்டு ஒழுங்காத் தூங்குனா பஸ் ஓட்ட விட்டுருவாங்க. கவலைப்படாதீங்க." நின்றபோது நீங்கள் உள்ளே ஓடினீர்களா, தட்டி எழுப்பினீர்களா என்று கேட்டாள். அவர் இவளை விநோதமாகப் பார்த்தார். "நான் எதுக்கு எழுப்பணும்? தானா வரும்க்கா. மூச்சு அடைச்சா உடம்பே ஒரு உலுக்கு உலுக்கி முழிச்சுக்கும், மறுபடி இழுத்துக்கும். அதனாலதான் அவருக்குப் பகல்ல தூக்கம் சொக்குது, ராத்திரி பூரா முழிச்சு முழிச்சுப் படுக்குறாருல்ல, அவருக்கே தெரியாம." இல்லை என்றாள் இவள். அவருக்கு வராது, அவருக்கு இடிக்க வேண்டும், நான் இடித்தால்தான்... வயர்க்காரர் காபியை ஒரு வாய் உறிஞ்சினார். "ஒண்ணு மட்டும் புதுசா இருந்துச்சு. ஒவ்வொரு தடவ நிக்கிறப்பவும் அவரு வலது தோள அப்படி ஒதுக்குறாரு, யாரோ இடிக்க வராப்ல. இடிக்க யாருமில்ல, ஆனாலும் ஒதுக்குறாரு. கேமராவுல பாத்து எனக்கே சிரிப்பு வந்துருச்சு." சிரித்துவிட்டுப் போனார். பாவம், அவரும் ராத்திரி தூங்காதவர்தானே, அவரைக் கோபிக்க முடியுமா?

தானாக வரும். குனிந்து பையை எடுத்தாள், சீப்பு, சாவி, பாதி தீர்ந்த தலைவலி மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டாள், தானாக வரும் என்றால் என்ன அர்த்தம்? திரையில் கோடு பார்க்கிறவருக்கு என்ன தெரியும், ஒரு ராத்திரி பார்த்தார், இவள் எத்தனை வருடம் பார்த்திருக்கிறாள், இடித்தாள், வந்தது, இடித்தாள், வந்தது, கண்ணால் கண்டது பொய்யா? ஆனால் இடிக்காமல் விட்டுப் பார்த்தது உண்டா? ஒரு தடவையாவது? இல்லை. எப்படி விட்டுப் பார்ப்பது, வராமல் போய்விட்டால்? இடித்ததால் வந்ததா, வருகிற நேரத்தில் இடித்தாளா... தாகமாக இருந்தது. கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் எப்போதோ காலி.

அவர் வந்தார், நெற்றியிலும் காதோரமும் வட்ட வட்டமாகச் சிவப்பு, முடியெல்லாம் பசை பிடித்துச் சிலிர்த்துக்கொண்டு, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு மாதிரி. இவளுக்கு அழுகை முட்டியது, அப்படியே தலையை மடியில் வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, நடையில் பத்துப் பேர் இருக்கிறார்களே. வழக்கம் போல இவளுக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார், கட்டிலில் எந்தப் பக்கமோ நாற்காலியிலும் அந்தப் பக்கம். "புது இடம்மா, சரியாவே தூங்கல" என்றார். "நீயாவது நிம்மதியாத் தூங்கியிருப்ப. என் தொல்லை இல்லாம." ம் என்றாள். டாக்டர் கூப்பிட நேரமாகும் போல என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தலை சுவரில் சாய்ந்தது, வாய் திறந்தது, வந்துவிட்டது குறட்டை. எதிரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இப்ப என்ன சாக்கு?" மூக்குக் கண்ணாடி சிஸ்டர், மேஜையை விட்டு மெஷினைத் தள்ளு வண்டியில் வைத்து இவளிடமே வந்துவிட்டார். "மொகத்தப் பாத்தாலே தெரியுது, வீட்டுக்காரர விட நீங்கதான் பேஷண்ட் மாதிரி இருக்கீங்க. கையக் குடுங்கம்மா." வேண்டாம் சிஸ்டர் என்று வாய் சொல்வதற்குள் இடது கையைப் பிடித்து நாற்காலிக் கைப்பிடியில் நீட்டி வைத்துவிட்டார், பட்டை முழங்கைக்கு மேலே ஏறியது, சரக் என்று ஒட்டியது. "அசையக் கூடாது, பேசக் கூடாது." மெஷின் முனக ஆரம்பித்தது. பட்டை இறுகியது, இன்னும் இறுகியது, அம்மா முகம், அம்மா விரல் தன் கன்னத்தில், மூத்தவளா சின்னவளா... அப்போதுதான் இடப்பக்கத்தில் சத்தம் நின்றது.

நின்றுவிட்டது. தெரிந்த இடம், அந்த ஒன்றுமில்லாத இடம், பட்டப்பகலில், பத்துப் பேர் நடுவில். முழங்கை துடித்தது, அவர் விலா இங்கேதான் இருக்கிறது, ஒரு சாண், ஆனால் சிஸ்டர் கை இவள் மணிக்கட்டின் மேல், "அசைக்காதீங்கன்னு சொன்னேன்ல". பட்டை உச்சத்தில் நின்று கையை நெரிக்கிறது. கடவுளே, இடிக்க வேண்டும், வலது கையால் திரும்பி... கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், அவர் நெஞ்சு எழும்புகிறது, காற்று போகவில்லை, உதடு லேசாக... கத்தலாமா? கத்தவில்லை. ஏன் கத்தவில்லை? இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் காத்திருந்தாள். அவர் வலது தோள் மெல்ல ஒதுங்கியது, இவளுக்கு இடம் விடுகிற மாதிரி, இடி வரும் என்று எதிர்பார்க்கிற மாதிரி, இடி வரவில்லை, இன்னும் வரவில்லை... ஹக் என்றது. உடம்பு ஒரு தரம் உலுக்கியது. மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே போனது, மறுபடி குறட்டை, மேட்டில் ஏறுகிற வண்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி.

தானாக வந்தது. யாரும் இடிக்கவில்லை, வந்தது. அப்படியானால் நேற்று, முந்தாநாள், போன வருடம், சின்ன மகள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம், அத்தனை ராத்திரியும்... சந்தோஷப்பட வேண்டாமா, மனிதர் பிழைத்தாரே, எனக்கு ஏன் எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கிறது? "மூச்ச விடுங்கம்மா" என்றார் சிஸ்டர், "ஏன் இப்படி அடக்கிப் பிடிச்சிருக்கீங்க?" அப்போதுதான் தெரிந்தது, அவருக்கு நின்றபோது இவளும் நிறுத்தியிருக்கிறாள், இன்னும் விடவில்லை. விட்டாள். பட்டை தளர்ந்தது, மெஷினில் நம்பர் வந்து நின்றது, இவள் பக்கம் தெரியவில்லை, சிஸ்டர் முகத்தில்தான் தெரிந்தது. கேலி போய்விட்டது. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னொரு கையிலயும் ஒரு தடவ பாத்துடலாம்மா" என்று பட்டையைப் பிரித்தார். இடது முழங்கை விடுபட்டது. அவர் குறட்டை மறுபடியும் நின்றது. முழங்கை போகவில்லை, மடியில் கிடந்தது, இவள் வலது கையை நீட்டினாள்.